துள்ளிய பிரஷர் ரீடிங்: கோயம்புத்தூர் போகும் முன் செய்திருக்க வேண்டிய 15 நிமிட வேலை

சேலம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு ஹைட்ராலிக் பிரஸ். 15 கிலோவாட் மோட்டார், அதன் வேகத்தை மாற்றும் விஎஃப்டி டிரைவ், பிஸ்டன் பம்ப். பிரஷர் சென்சர் 0–250 பார்; அதை 4–20 மில்லிஆம்பியர் கரண்டாகப் பேனலுக்கு அனுப்பும், இரண்டு வயர். 120 பாரில் நிற்க வேண்டிய ரீடிங் 112க்கும் 128க்கும் நடுவே துள்ளியது. பக்கத்திலேயே இருந்த கிளிசரின் கேஜில் முள் அசையவில்லை. அதை அப்போதே நம்பியிருக்கலாம்.

நம்பாமல் சென்சரைக் கழற்றி, சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கும் காலிபரேஷனுக்குக் கோயம்புத்தூர் அனுப்பியதில் இரண்டு நாள் போனது. சரியாகத்தான் இருக்கிறது என்று திரும்பி வந்தது. புதுசு ஒன்று வாங்கி மாட்டியும் அதே துள்ளல்.

பிறகுதான் லூப் காலிபரேட்டர் வந்தது, சென்சருக்குப் பதிலாகக் கேட்ட கரண்டைக் கொடுக்கும் கருவி. முதலிலேயே செய்திருக்க வேண்டிய 15 நிமிட வேலை இதுதான். சென்சர் முனையில் கேபிளைக் கழற்றி, அங்கிருந்து 12 மில்லிஆம்பியர் கொடுத்தால் திரையில் 125 பார் அசையாமல் நிற்க வேண்டும். பம்பை ஓட்டியதும் ஆடியது. அதே 12ஐ பேனல் டெர்மினலில் கொடுத்தபோது கல் மாதிரி நின்றது. ஆக, குற்றவாளி நடுவிலுள்ள கேபிள். இதில் கழற்றுவது கனெக்டரை மட்டும்தான், ஆயில் பக்கம் கை வைக்க வேண்டியதில்லை. சென்சரையே கழற்றுவதானால் அழுத்தத்தோடு ஆயிலைத் தேக்கி வைக்கும் அக்யுமுலேட்டரை வடித்து, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகுதான் ஸ்பேனர். டிரைவைத் திறப்பதானால் கரண்டை நிறுத்தி, மேனுவலில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காத்திருங்கள். உள்ளே கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

கேபிள் ட்ரேயைத் திறந்தால் 12 மீட்டர் நீளத்துக்கு மோட்டார் கேபிளையும் சென்சர் கேபிளையும் ஒரே டையில் கட்டி வைத்திருந்தார்கள். பேனல் போட்டவரைக் கேட்டால், "ஷீல்டு கேபிள்தானே சார், ஒண்ணும் ஆகாது" என்றார். வெளி இரைச்சலைத் தடுக்க வயர்களைச் சுற்றியிருக்கும் உலோகப் போர்வைதான் ஷீல்டு. பிரித்து 300 மில்லிமீட்டர் தள்ளிப் போட்டோம். குறுக்கே தாண்டும் இடத்தில் மட்டும் 90 டிகிரி. துள்ளல் பாதியானது, தீரவில்லை.

மீதிக்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. ஷீல்டைப் பேனலில் மட்டும்தான் எர்த் செய்திருப்பதாக டிராயிங் சொன்னது. ஆனால் சென்சரில் மாட்டும் எம்12 கனெக்டரின் உலோக உறை ஷீல்டோடு சேர்ந்திருந்தது. சென்சர் மரை வழியாக அது பம்ப் பாடிக்கும் எர்த் ஆகிவிட்டது. பேனலுக்கும் பம்புக்கும் எர்த் பிட் வேறு வேறு, அதிலும் சித்திரை வெயிலில் பாறை மண் காய்ந்து கிடந்தது. இரண்டு எர்த்துக்கும் நடுவே பம்ப் ஓடும்போது 2 வோல்ட்டுக்கு மேல் ஏசி காட்டியது. ஷீல்டு வழியாகவே கரண்ட் ஓடினால் ஷீல்டு எதைத் தடுக்கும்? உறையோடு சேராத பிளாஸ்டிக் கனெக்டர் மாட்டினோம். இரு எர்த்தையும் பட்டையால் இணைத்தோம். பேனலில் வால் மாதிரி நீட்டியிருந்த ஷீல்டு வயரை வெட்டி, சுற்றிலும் பிடிக்கும் கிளாம்பில் இறுக்கினோம். இரண்டு முனையிலும் எர்த் செய்யச் சொல்லும் மேனுவல்களும் உண்டு. எர்த் இரண்டும் சமமாக இருந்தால் அது சரி.

அதன்பின், காயிலில் கரண்ட் கொடுத்து இயக்கும் சாலினாய்டு வால்வு ஆஃப் ஆகும்போது மட்டும் ரீடிங்கில் ஒரு குத்து. அதை அடக்க 24 வோல்ட் டிசி காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். வால்வு விடுவது கொஞ்சம் தாமதமாகும், டைமிங் பாருங்கள். டிரைவ் உள்ளே சுவிட்ச் ஆகும் வேகமான கேரியர் ஃப்ரீக்வென்சியை 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4க்கு இறக்கினோம்; மோட்டார் சத்தம் ஏறும், பரவாயில்லை.

மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பிஎல்சியில், ரீடிங்கை மெதுவாக்கிச் சமப்படுத்தும் ஃபில்டரைக் கூட்டி மூடிவிடலாம் என்று முதல் நாளே யோசனை வந்தது. வேண்டாம். திரை அழகாகத் தெரியும், பிரஷர் எல்லை தாண்டும்போது தாமதமாகத் தெரியும்.

இப்போது மிச்சம் ஒரு பார் ஆட்டம். 9 பிஸ்டன், 1440 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 216 துடிப்பு. அது கரண்ட் இல்லை, ஆயிலே துடிப்பது. அந்தத் துடிப்பைத் தணிக்க சென்சருக்கு முன்னால் போடும் ஸ்னப்பர் இருக்கிறது. நல்லதென்று வந்த பழைய சென்சரையே திரும்ப மாட்டியாயிற்று. அவசரமாக வாங்கிய புதுசு, ஸ்டோரில் ஸ்பேராகக் கிடக்கிறது.