அடுத்த செமஸ்டர் லேப்புக்கு எந்த டூல்?

எம்பெடட் லேப்புக்கு (கருவிகளுக்குள் இருக்கும் குட்டி சிப்புகளுக்குப் புரோகிராம் எழுதும் லேப்) எந்த டூல் என்ற பஞ்சாயத்து துறையில் இன்னும் முடியவில்லை. சீனியர் சாருக்கு 1980-இல் வந்த 8051 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை விட மனசில்லை. அதற்கான சி கம்பைலர் கீல் சி51-இன் இலவசப் பதிப்போ 2 கேபி கோடு வரைக்கும்தான். அர்டுயினோ போர்டுகளுக்குக் கோடு எழுதும் அர்டுயினோ ஐடிஇ சுலபம், ஆனால் டிஜிட்டல்ரைட் என்று ஒரு வரி எழுதி எல்இடி எரிந்ததும் பையன்கள் கிளம்பிவிடுகிறார்கள், சிப்புக்கு உள்ளே எந்த ரிஜிஸ்டரில் (சின்ன நினைவு இடம்) எந்த பிட் மாறியது என்று கேட்டால் ஃபேனைப் பார்க்கிறார்கள். சரி என்று டவுன்ஹால் ரோட்டில் ஒரு அர்டுயினோ ஊனோ போர்டு வாங்கி வந்து, அதன் ஏவிஆர் சிப்புக்கான சி கம்பைலர் ஏவிஆர்-ஜிசிசியில், பின்னை அவுட்புட்டாக்கும் டிடிஆர்பி, அதை ஆன் செய்யும் போர்ட்பி என்ற இரண்டு ரிஜிஸ்டரிலும் 5-ஆம் பிட்டை நேரடியாக 1 ஆக்கிக் காட்டினேன். 13-ஆம் பின் எல்இடி எரிந்தது. உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி, "இவ்வளவு நாளா இதத்தான் மறைச்சு வச்சிருந்தாங்களா சார்?" என்றாள். ஜிசிசிக்கு லைசென்ஸ் காசும் கிடையாது. பர்ச்சேஸ் கமிட்டியில்தான் "இலவசம்னா நல்லா இருக்குமா?" என்கிறார்கள்.