காரைக்கால் வழியாகக் கிடைத்த ஓ.சி.ஐ. அட்டை

எங்கள் தாத்தா ஒருநாளும் இந்தியக் குடிமகனாக இருந்ததில்லை. காரைக்கால்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்; ஊரில் சொல்வதுபோல ‘சொல்தா’. 1962 ஆகஸ்ட் 16-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தன. பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போது சிறுவனாக இருந்த அப்பாவும் பிரெஞ்சுக் குடிமகனாகவே தொடர்ந்தார். நான் பிறந்ததே பாரீஸ் பக்கம்.

இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டைதான் ஓ.சி.ஐ. அதை வாங்கப்போகிறேன் என்றதும், “நம்ம வீட்ல யார்கிட்டயும் இந்தியப் பாஸ்போர்ட்டே இருந்ததில்லையே, எப்படித் தருவான்?” என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு இந்தியக் குடிமக்களாக இருந்தவர்களை மட்டும் பார்ப்பதில்லை. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களுக்கும், அவர்களுடைய கொள்ளுப்பேரப்பிள்ளைகள் வரைக்கும் அதில் இடம் உண்டு. கோவா, சிக்கிம்காரர்களுக்கும் இதே வழிதான். இணைய விண்ணப்பத்தில் எந்த அடிப்படையில் கேட்கிறோம் என்ற இடத்தில் இதைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்பா காரைக்காலில் பிறந்தவர் என்பதற்குச் சான்று தேடுவது சிரமமாக இருக்கும் என்று பயந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் பதிவேட்டு விஷயத்தில் கெட்டி. வெளிநாடுகளிலும் பழைய காலனிகளிலும் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகளுக்குப் பிரான்சின் நாந்த் நகரத்தில் தனி அலுவலகமே இருக்கிறது. கேட்டதும் நகல் வந்துவிட்டது.

வம்பு வந்தது பெயரில். பிரெஞ்சுப் பதிவில் ‘உ’ ஓசைக்கு ஓ, யூ என இரண்டு எழுத்துகள். காரைக்கால் வீட்டுப் பத்திரத்திலோ ஆங்கில முறையில் ஒரே எழுத்து. துணைச் சான்றாக அந்தப் பத்திரத்தையும் சேர்த்திருந்ததால், விண்ணப்பம் வாங்கும் முகப்பில் இருந்தவர் இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். தாத்தாவின் குடும்பப் பதிவேடும், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழியும், ஆங்கில மொழிபெயர்ப்பும் வைத்த பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள். புதுச்சேரிக் குடும்பங்கள் இதை முதலிலேயே தயார் செய்துகொள்வது நல்லது.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. புகைப்படம் சதுரமாக, கையெழுத்து நீளவாக்கில், கட்டணம் 275 டாலருக்கு ஈடான யூரோ.

அட்டை வந்ததும் இரட்டைக் குடியுரிமை கிடைத்துவிட்டதாக நினைத்து எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். அது அப்படியில்லை. ஆயுளுக்கும் விசா வேண்டாம், எத்தனை மாதம் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான். ஓட்டு கிடையாது. புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டே பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்களிக்கும் உறவினர்கள் எனக்கு இருக்கிறார்கள்; இந்தியத் தேர்தலில் எங்கள் யாருக்கும் வேலையில்லை. வீடு வாங்கலாம், வயல் வாங்க முடியாது. வாரிசாக வரும் வயலை வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அத்தை பிள்ளைகளும் நாந்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் காகிதங்களில் ஒரே பெயர் மூன்று விதமாக இருக்கிறது.