ஸ்க்ரிப்ட் எங்கப்பா?

வேலூர்ல நாடகம் போடுறேன்னு சொன்னா மொத கேள்வி "காமெடியா?", அடுத்தது "எந்த சபால?". சபா எல்லாம் மெட்ராஸ் சமாச்சாரம்ங்க. எங்களுக்கு வாய்ச்சது ஒரு கல்யாண மண்டபத்தோட டைனிங் ஹால், அதுவும் ஆடியும் மார்கழியும் மட்டும், முகூர்த்தம் இல்லாத மாசம்ங்கறதால ஓனர் கரண்ட் காசு மட்டும் வாங்கிட்டு சாவிய குடுத்துடுவாரு. ஆடில சேர்ந்தா சித்திரைல புள்ள பொறக்கும்னு புதுசா கல்யாணம் ஆனவங்கள பிரிச்சு வைப்பாங்க இல்ல, எங்க நாடகம் எல்லாம் அந்த ஆடிலதான் உருவாகுது, நல்லபடியா போனா மார்கழில வெளிய வரும்.

குழுன்னு சொன்னாலும் ஏழெட்டு பேருதான். ஆம்பூர் ஷூ கம்பெனில ரெண்டு பேரு, லேப்ல வேலை செய்ற ஒரு பொண்ணு, ஒரு டிராயிங் மாஸ்டர், மிச்சம் என்னை மாதிரி சில்லறை. ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் வந்துட்டா ஹீரோவே கெடையாது, அன்னிக்கு ஹீரோ இல்லாத சீனா பாத்து ஒத்திகை பண்ணணும்.

இப்போ பண்ணிட்டு இருக்கறது குடியாத்தம் பக்கம் பீடி சுத்தற ஒரு அம்மாவையும் அவங்க பொண்ணையும் பத்தி. எழுதறவர் ரெண்டு பக்கத்துக்கு அந்த அம்மாவுக்கு வசனம் எழுதிட்டு வந்தாரு, நல்ல வசனம்தான், படிச்சப்ப ரெண்டு பேரு கண்ண தொடச்சிக்கிட்டாங்க. ஆனா பீடி சுத்தற வீட்டு ஆளுங்கள உக்கார வெச்சு ஒருவாட்டி ஆடிக் காட்டிடலாம்னு ஒரு தெருவுக்கு போனோம். நடிக்கிற பொண்ணு மடில முறத்த வெச்சிக்கிட்டு, எலைய உருட்டிக்கிட்டே பேசுது. பாதிலயே முன்னாடி உக்காந்திருந்த ஒரு அக்கா சிரிச்சிட்டாங்க. "இன்னாம்மா இம்மாம் பேசற? கை நின்னுச்சு பாரு. கூலி ஆயிரம் பீடிக்குதான், நீ பேசினே கீறியே, எப்போ முடிப்ப?"ன்னாங்க. அப்புறம் அவங்களே எந்திரிச்சு வந்து முறத்த வாங்கி, நறுக்கின எலைல தூளப் போட்டு உருட்டி, நகத்தால வாய மடிச்சு, நூலச் சுத்தி விட்டாங்க, நாங்க பாக்கறதுக்குள்ள அடுத்த எலை கைல இருக்குது. உதடு மட்டும் லேசா அசையுது. எண்ணறாங்க.

அன்னிக்கு ராத்திரியே அந்த ரெண்டு பக்கமும் போச்சு. இப்போ அந்த சீன்ல அம்மாவுக்கு வசனமே எண்ணிக்கைதான். பொண்ணு "நான் காலேஜ் போறேம்மா"ன்னு சொல்லும், அம்மா "இருபத்திரெண்டு, இருபத்திமூணு"ன்னு எண்ணுவாங்க, இருபத்தஞ்சு வந்து கட்டு போடறப்பதான் நிமிர்ந்து பாப்பாங்க. எழுதறவருக்கு மொதல்ல வருத்தம்தான், பாவம். ஆனா டேபிள்ல உக்காந்து யோசிச்சா இது வருமா சொல்லுங்க. எழுதி முடிச்சுட்டு ஆடறது இல்ல, ஆடி ஆடிதான் எழுதணும், நான் பிடிவாதமா நிக்கற ஒரே விஷயம் இது.

இத ஏதோ ஃபாரின் மெத்தட்னு ஒருத்தர் பாராட்டினாரு, எனக்கு சிரிப்பு வந்துச்சு. நம்ம ஊரு கூத்துல கட்டியக்காரன் என்ன பண்றான்? பாரதக் கதைக்கு நடுவுல அந்த ஊரு தண்ணி டேங்க் விவகாரத்த இழுப்பான், ஜனங்க சிரிச்சா இன்னும் நாலு வார்த்தை சேப்பான், சிரிக்கலேன்னா ராஜாவ கூப்புட்டுடுவான். கூத்துக்கு பேர் போன புரிசை கிராமம் நம்ம பழைய வடாற்காடு ஜில்லாதான், 1989ல பிரிச்சப்ப திருவண்ணாமலை பக்கம் போயிடுச்சு. அங்க கூத்து வாத்தியார் கண்ணப்ப தம்பிரான் கிட்ட இருந்துதான் மெட்ராஸ்ல 1977ல ஆரம்பிச்ச கூத்துப்பட்டறைங்கற நாடகக் குழுவோட ந. முத்துசாமி எல்லாம் கத்துக்கிட்டாங்க. அவங்க இங்க வந்து கத்துக்கிட்டு போனத நாம மெட்ராஸ் போய் பாத்து வாயப் பொளக்கறோம், அது தனிக் கதை.

எரிச்சல் எங்க வருதுன்னா பர்மிஷன்ல. நாடகத்துக்கு முன்னாடி ஸ்க்ரிப்ட காட்டி அனுமதி வாங்கணும்னு 1954 சட்டத்துல இருந்த விதிங்க செல்லாதுன்னு, நாடகக் குழு நடத்தின பரீக்‌ஷா ஞாநி போட்ட கேஸ்ல 2013லயே ஹைகோர்ட் சொல்லிடுச்சு. இருந்தும் இடம் கேட்டு எங்க போனாலும் "ஸ்க்ரிப்ட் எங்கப்பா?"தான். நான் எத குடுக்கறது? போன வாரம் இருந்த ஸ்க்ரிப்டா, வர்ற ஞாயித்துக்கிழமை மாறப்போற ஸ்க்ரிப்டா? ஒரு எடத்துல எண்ணிக்கை சீன் இருக்கற பக்கத்த குடுத்தோம், ஒண்ணுல இருந்து இருபத்தஞ்சு வரைக்கும் நம்பரா இருந்தத பாத்துட்டு அவரு கொஞ்ச நேரம் எங்களயே பாத்தாரு.

இப்போ சிக்கல் ஏஜென்ட் சீன்ல. பீடி சரியில்லன்னு கழிச்சுப் போடற ஆளு. டிராயிங் மாஸ்டர் வில்லன் மாதிரி மொறைக்கறாரு, அந்த அக்கா கிட்ட கேட்டா "அவுரு கத்தவே மாட்டாருப்பா, தங்கச்சி தங்கச்சின்னுதான் கழிப்பாரு"ங்கறாங்க. மாஸ்டருக்கு அந்த கொழைவு வரவே மாட்டேங்குது. யாருக்காவது நல்லா கொழைஞ்சு பேச வரும்னா ஆடி முடியறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு வாங்க, சம்பளம் கெடையாது, டீ உண்டு.