மூடிய கதவும் ஒரு மாத விடுமுறையும்

2025 ஜனவரி 18ஆம் தேதி மலேசியாவின் பினாங்கில் பள்ளி விடுமுறை தொடங்கியது. மறுபடி திறப்பு பிப்ரவரி 17இல்தான். ஒரு மாதத்திற்குக் காலை ஐந்து மணிக்கு எழுந்து டப்பா கட்ட வேண்டாம் என்று வீட்டிலேயே அதிகம் மகிழ்ந்தவள் நான். மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, முடித்த மகனும் ஆசைதீரத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சீனப் புத்தாண்டன்று வீட்டைக் கூட்டும்போது அவன் புத்தகப்பையை நகர்த்தினேன். கடைசி நாள் கட்டிக்கொடுத்த மீகூன் (அரிசிச் சேமியா) டப்பா உள்ளேயே இருந்தது. மூடியைத் திறக்காமலே உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை தெரிந்தது. ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பன்னிரண்டு நாளாக அந்தப் பையை அவன் தொடவும் இல்லை. அதைக் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் மற்றவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பூப்பந்து மட்டையைக் கையில் எடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு அவன் கதவின் கீழ் வெளிச்சம் தெரிகிறது. மதியம் இரண்டு மணிக்கு எழுகிறான். தட்டை அறைக்குள் எடுத்துப் போகிறான், பாதிச் சோற்றோடு திரும்பி வருகிறது.

நான் முதலில் செய்தது பெரிய தவறு. கதவைத் தட்டாமல் உள்ளே போய், "எல்லாம் இந்தக் கைப்பேசியால்தான்" என்று கத்திவிட்டு, இணையத்தைத் துண்டித்தேன். அவன் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அடுத்த நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமியார் திருஷ்டி கழித்தார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பேரனைத் தொட்டுத் தடவ அவருக்கு அது ஒரு வழி. அருகிலிருந்த தனியார் கிளினிக்கில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இந்த வயதில் இப்படித்தான்" என்று வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரைக் கேட்கலாம் என்றால் விடுமுறை. வருடம் முழுக்க ஒரு பிள்ளையைக் கவனிக்க வகுப்பாசிரியர், ஆலோசகர், கட்டொழுங்கு ஆசிரியர், பஸ் ஓட்டுநர் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்! பள்ளிக்கதவு மூடியதும் அத்தனை கண்களும் மூடிக்கொள்கின்றன. மீதி இருப்பது நாம்தான். எனக்கோ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட்.

அன்றிரவு பின்கட்டில் துணி காயும் இடத்தில் நின்று சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் லைன் 15555க்கு அழைத்தேன். காலை எட்டு முதல் நள்ளிரவு வரை அந்த எண் இயங்கும். அழைக்கும் முன் என் அண்ணன் ஒரு குண்டைப் போட்டிருந்தார்: "போலீஸ் கேஸ் ஆகிவிடும், ஜாக்கிரதை." மறுமுனையில் பேசிய பெண்மணியிடம் முதலில் கேட்டதே அதைத்தான். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இலேயே நீக்கப்பட்டுவிட்டது, உதவி கேட்பது எப்போதுமே குற்றமில்லை என்றார். பிறகு அவர் கேட்டார்: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறதா, சாவைப் பற்றி ஏதாவது பேசினானா? "தெரியாது" என்றேன். "நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது" என்றார். வீட்டில் இருக்கும் மருந்துகளையும் பூட்டிவைக்கச் சொன்னார். மாமியாரின் சர்க்கரை மாத்திரைகள் அன்றிரவே என் அலமாரிக்குள் போயின.

எதிரே உட்கார்ந்து கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் மாமியாருக்கு எண்ணெய் வாங்கப் போகலாம் என்று அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். பாயா தெருபோங் சாலையில் வழக்கம்போல் நெரிசல். முன்னால் நின்ற லாரியின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே, "உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா, தம்பி?" என்றேன். லாரி இரண்டு முறை நகர்ந்து நின்றது. "செத்துப்போக வேண்டும் என்றில்லை அம்மா. காலையில் எழுந்திருக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சில நாள் தோன்றும்." அழக்கூடாது என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "சொன்னதற்கு நன்றி ஐயா. திங்கட்கிழமை டாக்டரைப் பார்ப்போம், நானும் வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன். எண்ணெய் வாங்க மறந்தே போனோம்.

பிப்ரவரி 3, அரசாங்க சுகாதார கிளினிக். கட்டணம் ஒரு ரிங்கிட். அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மலாயில் 21 வாக்கியங்கள், கடந்த ஒரு வாரத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு பொருந்தியது என்று 0 முதல் 3 வரை வட்டமிட வேண்டும். மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அதில் அளக்கிறார்கள். நான் எட்டிப் பார்த்தேன், அவன் கையால் மறைத்துக்கொண்டான். டாக்டர் இன்னும் ஒரு படி மேலே போய் என்னை வெளியே உட்காரச் சொன்னார். இருபத்தைந்து நிமிடம். பெற்ற தாயிடம் சொல்லாததை முன்பின் தெரியாதவரிடம் சொல்கிறானே என்று கோபம் வந்தது, ஒளிப்பானேன். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் என்னிடம் சொல்வார், மற்றவை அவர்களுக்குள் என்று முதலிலேயே பேசிவைத்திருக்கிறார். அதனால்தான் பையன் வாயைத் திறந்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

முடிவு: மிதமான மனச்சோர்வு. மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம். கிடைத்த தேதி பிப்ரவரி 26. இடையில் மோசமானால் தேதிக்குக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள்.

அந்த மூன்று வாரம்தான் எங்கள் உண்மையான பரீட்சை. நேர அட்டவணை போட்டு வாட்ட வேண்டாம், எழும் நேரம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். ஒன்பது மணி என்று வைத்தோம். இரவு பதினொன்றுக்குக் கைப்பேசிகள் எல்லாம் வரவேற்பறையில் சார்ஜில் இருக்க வேண்டும், எல்லாருடையதும். மகன் இரண்டு நாளில் பழகிவிட்டான். என் கணவருக்கு ஒரு வாரம் ஆனது. காலையில் பூங்காவனத்தில் நடை. முதல் நாள் ஒரு குரங்கு என் கையிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு மரமேறியது. "என்னைவிடச் சுறுசுறுப்பு" என்றான். பல நாளுக்குப் பிறகு அவன் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

பிப்ரவரி 11 தைப்பூசம். வழக்கமாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் எல்லாரும் ஏறியே ஆக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இந்த முறை அவனைக் கேட்டோம். கூட்டம் வேண்டாம், மாமாவின் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறேன் என்றான். ஒன்றரை மணி நேரம் பானகம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "போதும் அம்மா" என்றான். உடனே கிளம்பிவிட்டோம். "வந்ததும் போகிறீர்களே" என்ற சொந்தக்காரர்களுக்கு என் கணவரே பதில் சொல்லிக்கொண்டார்.

அந்த மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணிதத்தில் மதிப்பெண் குறைந்தபோது, "அறிவியல் பிரிவு கிடைக்காவிட்டால் என் முகத்தில் முழிக்காதே" என்று அவர் சொன்னது விளையாட்டாக. அவன் எடுத்துக்கொண்டது வேதவாக்காக. அதுதான் ஒரே காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. இதற்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லையாம். ஆனாலும் ஒரு நாள் இரவு கணவர் அவன் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்து, "அப்பா சொன்னது தப்பு" என்றார். எங்கள் குடும்பத்து ஆண்கள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை.

26ஆம் தேதி நிபுணரைப் பார்த்தோம். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், உளவியலாளரோடு பேச்சு சிகிச்சை போதும் என்றார். அடுத்தடுத்த வருகைக்கு ஐந்து ரிங்கிட். நான்காம் படிவத்தில் கணக்கியல் எடுத்திருக்கிறான். நல்ல வாரமும் உண்டு, கெட்ட வாரமும் உண்டு. சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு ஆய்வில் இடைநிலைப்பள்ளி மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு என்று இருப்பதைப் பின்னர்தான் படித்தேன். அவன் வகுப்பு ஞாபகம் வந்தது. எத்தனை வீட்டில் டப்பா திறக்கப்படாமல் கிடக்கிறதோ.

அடுத்த ஆண்டிறுதி விடுமுறை 2025 டிசம்பர் 20 முதல் 2026 ஜனவரி 11 வரை, மூன்று வாரம். இந்த முறை முன்கூட்டியே குளிர்சாதனப்பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். எழும் நேரம், சார்ஜ் நேரம், புதன் மாலை பூப்பந்து, மருத்துவமனைத் தேதி. அதன் அடியில் நேற்று அவன் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: "அம்மா கதவைத் தட்டிவிட்டு வரவும்."