ஸ்பெஷலைசேஷன் எடுக்கும் முன்: எந்த எரிச்சல் உங்களுக்கு ஒத்துவரும்?

கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் ஸ்பெஷலைசேஷன் படிவத்தில் நான் மிஷின் லேர்னிங் (தரவைக் காட்டிக் கணினியைக் கற்கவைப்பது) என்று எழுதியதற்கு ஒரே காரணம், அதற்கு முந்தைய விடுமுறையில் எம்னிஸ்ட் என்ற படத் தொகுப்பை வைத்துக் கையெழுத்து எண்களைக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எழுதினேன், அது முதல் நாளே 97 சதவீதம் சரியாகச் சொல்லிவிட்டது. பயிற்சிக்கு 60,000 படம், சோதனைக்கு 10,000 படம் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் 28க்கு 28 பிக்சலில் நடுவில் நிறுத்தி, சுத்தம் செய்தே கொடுத்திருக்கிறார்கள், சின்ன நியூரல் நெட்வொர்க்கே அந்த அளவைத் தொட்டுவிடும் என்பதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. பெரிய ஆள் ஆகிவிட்டோம் என்ற நினைப்பு.

வகுப்பு தொடங்கியதும் பார்த்தால் முக்கால்வாசி வேலை தரவோடு மல்லுக்கட்டுவதுதான். விடுபட்ட மதிப்புகள், தப்பாக ஒட்டிய லேபிள்கள், இரண்டு முறை வந்த வரிகள். அந்தத் தரவில் பயிற்சி கொடுத்த மாடல் சரியாக வராவிட்டால் எங்கே தவறு என்று காட்ட ஒரு எர்ரர் மெசேஜ்கூட வராது. துல்லியம் 81 சதவீதத்திலிருந்து 83 ஆக ஒரு வாரம் ஆனது, ஏன் கூடியது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. கூடப் படித்த தோழிக்கு அதுவே பிடித்திருந்தது, துப்பறிவது மாதிரி இருக்கிறது என்பாள். எனக்கோ தலைவலி.

அதே செமஸ்டரில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேப். இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஒரே கவுன்ட்டரில் ஆளுக்கு லட்சம் முறை ஒன்று கூட்ட வேண்டும், விடை இரண்டு லட்சம் வர வேண்டும், ஆனால் ஓட்டும்போதெல்லாம் வேறு வேறு எண் வருகிறது, பிழை தேடும் கருவியான டீபக்கரில் மெதுவாக நகர்த்தினால் மட்டும் ஒழுங்காக நடக்கிறது! கூட்டல் என்று நாம் எழுதும் ஒரே வரி உள்ளே மூன்று வேலை: நினைவகத்திலிருந்து எடுப்பது, கூட்டுவது, திரும்ப எழுதுவது. நடுவில் இன்னொரு த்ரெட் புகுந்தால் ஒரு கூட்டல் காணாமல் போகும். இது பிடிபட்டபோது இரவு இரண்டு மணி, சாப்பிட மறந்திருந்தேன். இதுவும் எரிச்சல்தான், ஆனால் எழுந்து போக மனசு வரவில்லை. அடுத்த செமஸ்டருக்கு அனுமதி கேட்டு, ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாதிரி அடித்தள மென்பொருள்களைப் படிக்கும் சிஸ்டம்ஸ் பக்கம் மாறிவிட்டேன்.

மார்க்கை வைத்து முடிவு செய்யலாமே என்றால், எனக்கு அதிக மார்க் வந்தது டேட்டாபேஸில். அங்கே கேட்டது டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் எழுதத்தான். மேல்நிலைப் பாடத்திலோ தரவை வேகமாகத் தேட உதவும் பி பிளஸ் ட்ரீ, மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக், சிஸ்டம் பாதியில் விழுந்தால் தரவை மீட்பது என்று வேறு உலகம். செக்யூரிட்டியும் அப்படித்தான், ஹேக்கிங் என்று ஆசையாகப் போனால் சி மொழியும், செயலியின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளியும்தான் முதலில் வந்து நிற்கும். ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் 2014இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டைகூட, அனுப்பிய தரவுக்கு எதிர்முனை சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியதால் வந்ததுதான். அப்படிப்பட்ட ஒரு வரியைத் தேடி நாள்முழுக்க நிரல் படிக்கப் பொறுமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தியரி என்றால் பெரும்பாலும் நிரூபணம், கிராபிக்ஸ் என்றால் மேட்ரிக்ஸ்.

ஆகவே படிவம் கொடுக்கும் முன் வார இறுதிக்கு ஒன்றாக ஏதாவது செய்து பாருங்கள். சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) வைத்து ஒரு குட்டி வெப் சர்வர், அடைப்புக்குறிகளைப் புரிந்துகொள்ளும் ஒரு கால்குலேட்டர், ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் ரே ட்ரேசிங்கில் ஒரே ஒரு உருண்டை, நீங்களே திரட்டிய அழுக்குத் தரவில் ஒரு மாடல். எது நன்றாக வந்தது என்பதைவிட, ஓடாமல் அடம்பிடித்த எதை யாரும் சொல்லாமலே திங்கட்கிழமை மறுபடி திறந்தீர்கள் என்று கவனியுங்கள்.

அப்படியும் முடிவு வரவில்லையா, சரி, லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, ஆப்பரேட்டிங் சிஸ்டம் மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள், முதல் இரண்டும் இல்லாமல் மிஷின் லேர்னிங்கில் தடுமாறுவீர்கள், மூன்றாவது இல்லாமல் செக்யூரிட்டியிலும், பல கணினிகள் சேர்ந்து இயங்கும் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸிலும் தடுமாறுவீர்கள். அப்புறம், இறுதியாண்டு புராஜெக்ட்டை யார் பார்க்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். சந்தேகம் கேட்டால் நம்மோடு உட்கார்ந்து நிரலைப் பார்க்கும் ஆசிரியர் உங்கள் இரண்டாவது விருப்பத்தில் இருந்தால், நானாக இருந்தால் அங்கேதான் போவேன்.

மிஷின் லேர்னிங் நோட்டை நான் தூக்கிப் போடவில்லை. இறுதியாண்டில் எனக்குக் கிடைத்த வேலை, ஒரே ஜிபியுவில் (கிராபிக்ஸ் செயலியில்) பல மாடல்கள் ஓடும்போது நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது. தூசி தட்டி அந்த நோட்டைத்தான் எடுத்தேன்.