ஐந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டுக்கல்வி: எங்கே காசு கரைந்தது, எது தேறியது

முதலில் வீணாய்ப்போன அலைச்சலைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் பிள்ளையைப் பாலர் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க அனுமதிப் பாரம் வாங்க வேண்டும் என்று நினைத்து, அரைநாள் விடுப்புப் போட்டு எந்த அலுவலகத்துக்கும் ஓடாதீர்கள். எண் சீட்டு எடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்ததற்குக் கிடைத்த பதில், "போராங் தக் அடா", பாரம் இல்லை. ஏன் இல்லை என்று கிராணி (அலுவலக எழுத்தர்) சொல்லவில்லை, அடுத்த கௌண்டரைக் கைகாட்டினார். அங்கே பிறப்புப் பத்திரத்தின் நகல் கேட்டார்கள். கீழே இறங்கிப் போய் நகல் எடுத்துவந்து கொடுத்த பிறகு, அங்கேயும் பாரம் இல்லை.

காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002-இல் சேர்க்கப்பட்ட 29ஏ பிரிவு கட்டாயமாக்கியது தொடக்கப்பள்ளியை. பள்ளியாண்டின் சனவரி 1 அன்று ஆறு வயது நிறைந்திருக்கும் பிள்ளையைச் சேர்க்காவிட்டால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த வயதுக்குப் பிறகும் வீட்டிலேயே என்றால் அமைச்சிடம் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், அது லேசில் கிடைக்கிற காரியமில்லை. பாலர் வயதில் அந்தச் சிக்கல் இல்லை. பள்ளி சேரும் வயது பற்றிய அறிவிப்புகள் மட்டும் மாறக்கூடியவை, உங்கள் பிள்ளையின் ஆண்டுக்கு என்ன என்பதை அமைச்சின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டம் தேடுமுன் தீர்மானிக்க வேண்டியது, முதலாம் ஆண்டில் பிள்ளை எந்த வாசலில் நுழையப்போகிறது என்பதை. தமிழ்ப்பள்ளி என்றால் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் முதல் நாளிலிருந்தே மேசைக்கு வரும். தேசியப் பள்ளி என்றால் ஆங்கிலப் பாடம் தவிரப் பெரும்பாலானவை மலாயில். அனைத்துலகப் பள்ளி என்றால் ஆங்கிலம், அதுவும் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறை. தமிழ்ப்பள்ளியிலும் சிலவற்றில் இருமொழித் திட்டத்தின் கீழ் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன, பள்ளி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இதைத் தீர்மானிக்காமல் பெட்டி வாங்கினால் பணம் போச்சு.

பெட்டி என்று சொல்வது, அமெரிக்காவிலிருந்து ஓராண்டுப் பாடம் மொத்தமாக வரும் அந்தப் பொட்டலத்தை. ஆசிரியர் கையேடு, பயிற்சி நூல்கள், கதைப் புத்தகங்கள், மரக்கட்டைகள் என்று பார்க்கவே ஆசையாக இருக்கும். எடை கிலோக்கணக்கில் போவதால் அனுப்பும் செலவு புத்தக விலையில் பாதியைத் தொடும். வெளிநாட்டு இணையக் கடையில் 500 வெள்ளிக்கு உட்பட்டு வாங்கும் பொருளுக்கு 2024 சனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள்.

செலவைவிட எரிச்சல் உள்ளே இருக்கிறது. கையேடு 36 வாரக் கணக்கு. செப்டம்பரில் ஆரம்பித்து, இலை உதிரும் பருவம், பனி, வசந்தம் என்று நகரும். கோலாலம்பூர் செந்தூலில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு பழுத்த மேப்பிள் இலைக்கு எங்கே போவது? அதுகூடப் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே தாண்டிவிடலாம். ஒலிப்புப் பயிற்சி இடறுவதுதான் உண்மையான நட்டம். படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லி, பெயரின் முதல் ஒலியைப் பிடிப்பதுதான் அந்தப் பயிற்சியின் அடிப்படை. படத்தில் இருப்பதோ பனிச்சறுக்குப் பலகையும் விரல் பிரியாத கம்பளிக் கையுறையும். பொருளின் பெயரே தெரியாத பிள்ளை முதல் ஒலியை எப்படிப் பிடிக்கும்? 'தெரியல' என்று சொன்னால் ஒலி பிடிபடவில்லை என்று நாமும் தப்பாக முடிவு கட்டிவிடுகிறோம். வெள்ளைத் தாளைச் சிறிதாக வெட்டி அந்தப் படங்களின் மேல் ஒட்டுங்கள். ஆங்கில 'ஐ' எழுத்துக்கு இட்லி, 'எம்' எழுத்துக்கு முறுக்கு. இரண்டு வாரம் தடுமாறிய ஒலி அன்றைக்கே பிடிபட்டது.

பெயர்ப்பலகையையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் கிண்டர்கார்டன் என்பது ஐந்து, ஆறு வயது. பிரிட்டிஷ் முறையில் அந்த வயதில் பிள்ளை முதலாம் ஆண்டில் இருக்கும். சிங்கப்பூரில் கே1, கே2 என்று இரண்டு படி. அட்டையில் இருக்கும் வகுப்பை விட்டுவிட்டு, உள்ளே கடைசிப் பத்துப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டு முடிவில் எதுவரை போகிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

சமயம் இன்னொன்று. பெட்டிப் பாடங்களில் கணிசமானவை கிறிஸ்துவக் குடும்பங்களுக்காக எழுதப்பட்டவை. வாசிப்புப் பாடத்திலும் அறிவியலிலும்கூட அது கலந்திருக்கும். உங்களுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் பாடு. விற்பனைப் பக்கத்தில் 'செக்யூலர்' (சமயம் சாராதது) என்ற சொல் வெளிப்படையாக இல்லையென்றால், மாதிரிப் பாடத்தைப் படிக்காமல் காசு கட்டாதீர்கள்.

பெட்டியை விட்டு, பதிவிறக்கி அச்சிடும் பாடத்துக்குப் போனால் காசு மிச்சம்தான். அங்கே காத்திருக்கும் பள்ளம் தாளின் அளவு. அமெரிக்கக் கோப்பு லெட்டர் அளவில் இருக்கும், 216-க்கு 279 மில்லிமீட்டர். நம்மிடம் இருப்பது ஏ4, 210-க்கு 297. அசல் அளவிலேயே அச்சிட்டால் பக்கவாட்டில் ஆறு மில்லிமீட்டர் வெட்டுப்படும். 'தாளுக்குப் பொருத்து' என்று கொடுத்தால் எல்லாம் ஏறக்குறைய 97 விழுக்காடாகச் சுருங்கும். எழுத்துப் பயிற்சிக்குச் சுருங்கினால் ஒன்றும் கெடாது. அளவுகோல் பக்கமும், மரக்கட்டையை மேலே வைத்துப் பார்க்கும் பக்கமும் கெட்டுப்போகும். பத்து சென்டிமீட்டர் கோடு 9.7 ஆகிவிடும், பத்துக் கட்டைகள் வரிசையில் அடங்காமல் வெளியே நிற்கும், பிள்ளை 'என்னமோ தப்பு' என்று முழிக்கும். அந்தப் பக்கங்களை மட்டும் அசல் அளவில் ஏ3 தாளில் எடுங்கள். கடைக்குப் போகும்போது உரிமப் பக்கத்தையும் சேர்த்து எடுத்துப்போங்கள். காப்புரிமை என்று எழுதியிருப்பதைப் பார்த்து அச்சிட மறுத்துத் திருப்பி அனுப்புகிற கடைகள் உண்டு. ஒரு குடும்பத்தின் சொந்த உபயோகத்துக்கு அச்சிடலாம் என்ற வரியைக் காட்டினால் வேலை நடக்கும்.

இனி மொழி. வெளிநாட்டுப் பாடத்திட்டம் எதுவும் இதற்கு உதவாது, ஏனென்றால் நம் பிள்ளைக்கு இருக்கிற சிக்கல் அவர்களுக்கு இல்லை. சி, ஏ, டி என்ற மூன்றெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பூனை. மலாயில் அதே மூன்றெழுத்தை 'ச்சாட்' என்று வாசிக்க வேண்டும், சுவருக்கு அடிக்கும் சாயம். ஏ, ஐ, ஆர் ஆங்கிலத்தில் காற்று, மலாயில் 'ஆயேர்', தண்ணீர். ஜே, ஏ, எம் ரொட்டியில் தடவுவது, மலாயில் 'ஜாம்', கடிகாரம். இரண்டு மொழியையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டே 'ச்சாட்' என்று வாசிக்கும். அது பிள்ளையின் மந்தமில்லை, மலாய் விதியைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது, மொழிதான் மாறிவிட்டது.

தேறிய வழி இது. மலாய் முதலில். எழுத்துக்கு ஏறக்குறைய ஓர் ஒலி, பா-பி-பு என்று அசை சேர்த்தால் பாஜு, பூக்கு, காக்கி எல்லாம் சில வாரங்களில் வாசிப்பில் வந்துவிடும். 'ஈ' (E) என்ற எழுத்து மட்டும் குழப்பும். 'மேஜா'வில் ஏகாரமாக ஒலிக்கும், 'பெசார்' என்பதில் விழுங்கினாற்போல் வரும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பத்து வாரம் கழித்து ஆங்கில ஒலிப்பு. ஜோலி ஃபோனிக்ஸ் முறையில் 42 ஒலிகள், அகரவரிசையை விட்டு எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்று தொடங்கும். பிரிட்டிஷ் முறை என்பதால் இங்கே பேசும் ஆங்கிலத்துக்கு ஒட்டிவரும். அமெரிக்க நூல், நாம் 'பாத்' என்று நீட்டுகிற குளியல் சொல்லைப் பூனைச் சொல்லோடு ஒரே கூட்டில் போட்டிருக்கும், அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள். மலாய் அட்டை நீலம், ஆங்கில அட்டை மஞ்சள். நிறத்தைப் பார்த்தே எந்த விதி என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். வெள்ளை அட்டையில் இரண்டையும் எழுதி வைத்தவர்கள் மறுபடி எழுதத்தான் வேண்டும்.

தமிழை எந்தப் பெட்டியும் தராது. அ, ஆ, இ, ஈ என்று பாடுவது நல்லது, பாடட்டும். எழுதுவதை அங்கே தொடங்காதீர்கள். நெடுங்கணக்கில் முதலில் நிற்கும் எழுத்துகள்தான் சுழியும் வளைவுமாகக் கைக்குக் கடினமானவை. 'ட' இரண்டே கோடு. 'ப' மூன்று கோடு. 'ம' வந்ததும் ஒரு வளைவு. இந்த மூன்றோடு புள்ளியும் சேர்ந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் கைக்கு வந்துவிடும். நான்கு கோடு போட்ட ஆங்கில நோட்டு வேண்டாம், பெரிய கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து. இன்னொன்று: தமிழ் எழுத்துக்குக் கீழே ஆங்கில எழுத்து அச்சிட்ட அட்டைகளை வாங்கவே வாங்காதீர்கள். 'படம்' சொல்லும்போது ஓர் ஒலி, 'கம்பம்' சொல்லும்போது வேறொலி, எழுத்தோ ஒரே 'ப'. கீழே ஆங்கிலத்தில் எதைப் போட்டாலும் பாதி இடத்தில் பொய்.

தமிழகப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சும் அழகு. ஆனால் அங்கே ரூபாய், இங்கே வெள்ளி. அங்கே வகுப்பு, இங்கே ஆண்டு. நாம் 'பசியாறியாச்சா' என்று கேட்பது அந்தப் புத்தகத்தில் வராது. அதைக் கதை வாசிக்கவும் படம் பார்க்கவும் வையுங்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் நான்கு நிலைகளில் இலவசமாக இருக்கின்றன. முதல் நிலையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான், அச்சிட்டு நடுவில் தைத்தால் புத்தகம். பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் அலைந்து வாங்கியவற்றைவிட இவைதான் அதிகம் கிழிந்தன.

கணிதத்துக்குச் சிங்கப்பூர் முறையே போதும்: முதலில் கையில் பொருள், பிறகு படம், கடைசியில் எண். வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். ஒரே பெயரில் பல பதிப்பு உண்டு, ஆசிரியர் நூல் ஒரு பதிப்பும் பயிற்சி நூல் இன்னொன்றுமாக வந்து பக்க எண் ஒத்துப்போகாமல் கிடந்தது ஒரு மாதம். பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் இதை முதலில் கேட்க வேண்டும், எழுதின பக்கம் எத்தனை என்பதை அடுத்துக் கேட்கலாம்.

பத்துக் கட்டம், அதாவது பத்துவரை எண்ணிப் பழக ஐந்தைந்தாக இரண்டு வரிசைக் கட்டம் போட்ட பலகை, வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். அமெரிக்க முட்டைப் பெட்டியில் பன்னிரண்டு குழி, அதனால் அவர்கள் கையேடு 'இரண்டு குழியை வெட்டிவிடவும்' என்று சொல்லும். நம்மூரில் பத்து முட்டைப் பெட்டி கிடைக்கிறது, ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. வெட்டவே வேண்டாம். ஏழு புளியங்கொட்டை போட்டால் ஒரு வரிசை நிறைந்து இரண்டு மிஞ்சும், மூன்று குழி காலியாக நிற்கும். ஏழும் மூன்றும் பத்து என்பதைப் பிள்ளை எண்ணாமலே பார்க்கும். நாணயப் பாடத்தைக் கிழித்துவிட்டு உண்டியலைத் திறங்கள், 5, 10, 20, 50 காசு. 25 காசு நாணயம் கற்று இங்கே யாருக்கு என்ன பயன்?

பத்தைத் தாண்டும்போது மலாயில் எண்ணச் சொல்லுங்கள். 'டுவா புலோ சத்து' என்றால் இரண்டு பத்து, ஒன்று. இடமதிப்பு சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று மாறிக்கொண்டே போவதால், எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் பிள்ளை இடறுவது இயல்பு.

எதை வாங்குமுன்னும் மாதிரிப் பாடத்தை ஐந்து நாள் நடத்திப் பாருங்கள், கையில் கடிகாரத்தோடு. பாடம் 15 நிமிடம் என்று போட்டிருக்கும். அதற்கு முந்தின இரவு வெட்டி, ஒட்டி, வண்ணம் பிரித்து வைக்க 40 நிமிடம் போகும் என்பதைப் போட்டிருக்காது. மூன்றாம் நாளே பெற்றோர் சலித்தால் அந்தப் பாடத்திட்டம் அந்த வீட்டுக்கு ஆகாது, பிள்ளைக்குப் பிடித்திருந்தாலும்.

விட்டுப்போனது உண்டா என்று சரிபார்க்க அமைச்சின் பாலர் பள்ளிக் கலைத்திட்ட ஆவணமே போதும், இலவசம். 2010-இல் வந்தது, 2017-இல் திருத்தப்பட்டது, 2026-இல் புதிதாக மாறியது. பழைய நகல்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன, பதிப்பாண்டைப் பார்த்து எடுங்கள். நூறு பக்கத்துக்கு மேல் மலாயில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், தேவைப்படுவது அட்டவணைகள்தான்.

இதற்கிடையில் முதலாம் ஆண்டுப் பதிவைக் கோட்டைவிட்டுவிடாதீர்கள். பள்ளி திறப்பதற்கு வெகு முன்னதாகவே இணையத்தில் நடந்து முடிந்துவிடும், பாலர் பள்ளியில் இல்லாத பிள்ளைக்கு யாரும் நினைவூட்ட மாட்டார்கள். பிறப்புப் பத்திரம், பெற்றோர் இருவரின் அடையாள அட்டை, முகவரி காட்டும் மின் கட்டண ரசீது, எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல். விண்ணப்பித்ததற்கான தாளை அச்சிட்டு வையுங்கள். பள்ளி அலுவலகத்தில் கிராணி "சாலினான்?" (நகல்?) என்று கேட்டு வாய் மூடுவதற்குள் நகல்கள் மேசையில் இருந்தன. பத்து நிமிட வேலை, கீழே இறங்கி ஓட வேண்டியிருக்கவில்லை.