காரைக்குடியிலிருந்து கேட் பயோடெக்: கணக்குகளோடு பழகிய கதை

எம்.எஸ்.சி. முடித்த கையோடு பொறியியல், அறிவியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தபோது, செல் சர்க்கரையை உடைக்கும் கிளைகாலிசிஸின் பத்துப் படிகளையும் நொதிகளின் பெயரோடு ஒப்பித்துவிடுவேன். "இந்தக் கரைசலில் எத்தனை யூனிட் நொதி இருக்கிறது?" என்று கேட்டால்தான் பேனா நின்றுவிடும். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு இதே நிலைமைதான். கணக்கிலிருந்து தப்பிக்கத்தானே பிளஸ் டூவில் ப்யூர் சயின்ஸ் குரூப்பையே எடுத்தோம்!

கேட் தாளில் அந்தத் தப்பித்தல் செல்லாது. 65 கேள்விகள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் விடையை எண்ணாக நாமே உள்ளிட வேண்டிய கேள்விகள் கணிசமாக இருக்கும். அவற்றுக்கு நெகட்டிவ் மார்க் இல்லை என்பது ஒரு ஆறுதல். நாலு விடையில் ஒன்றை ஊகித்துத் தட்டவும் வழியில்லை என்பது அதன் மறுபக்கம். பயோடெக்னாலஜிக்கென்று தனிக் கோச்சிங் எனக்குக் காரைக்குடியில் அமையவில்லை. மதுரைக்கு தினமும் பஸ் ஏறும் தெம்பும் இல்லை. சரி, பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். தேவகோட்டைத் தோழி ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள்.

அவள் போட்ட சட்டம் ஒன்றுதான்: சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் விடை என்ன அலகில் வரும், சுமாராக எவ்வளவு வரும் என்று ஓரத்தில் எழுத வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அதை விட முடியவில்லை.

ஒரு கணக்கை முழுசாகவே போட்டுக் காட்டுகிறேன். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதி பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும்போது என்.ஏ.டி.ஹெச். என்ற துணை மூலக்கூறு செலவாகிறது. 340 நானோமீட்டர் ஒளியை என்.ஏ.டி.ஹெச். உறிஞ்சும், அது மாறி வரும் என்.ஏ.டி. உறிஞ்சாது. ஆகவே அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சும் அளவு) இறங்கும் வேகத்தைப் பார்த்தே நொதியின் வேகத்தைச் சொல்லிவிடலாம். குவெட்டில் (அளக்கும் சின்னக் குப்பியில்) 1 மில்லி கரைசல், ஒளி போகும் பாதை 1 செ.மீ. நாம் சேர்த்த நொதிக் கரைசல் 10 மைக்ரோலிட்டர், அதில் மில்லிக்கு 0.5 மில்லிகிராம் புரதம். நிமிடத்துக்கு 0.311 இறங்குகிறது. ஸ்பெசிஃபிக் ஆக்டிவிட்டி, அதாவது ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை யூனிட் நொதி, என்ன?

என்.ஏ.டி.ஹெச்.சின் எக்ஸ்டிங்ஷன் கோஎஃபிஷியன்ட் 6220. உறிஞ்சலையும் செறிவையும் இணைக்கும் பீர்-லாம்பர்ட் விதிப்படி 0.311-ஐ அதால் வகுத்தால் 0.00005. இது எதனுடைய 0.00005? அங்கேதான் நின்று பார்க்க வேண்டும். 6220 என்பது ஒரு மோலார் கரைசலுக்கு, ஒரு செ.மீ. பாதைக்கு. ஆகவே வந்திருப்பது லிட்டருக்கு, நிமிடத்துக்கு 0.00005 மோல், அதாவது 50 மைக்ரோமோல். நம் குவெட்டில் இருப்பதோ ஒரு மில்லிதான். ஆக 0.05 மைக்ரோமோல். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் மாற்றினால் ஒரு யூனிட் என்பது வரையறை. அப்படியானால் 0.05 யூனிட். நாம் போட்ட 10 மைக்ரோலிட்டரில் இருந்த புரதம் 0.005 மில்லிகிராம். வகுத்தால் மில்லிகிராமுக்கு 10 யூனிட்.

வகுத்தலைத் தவிர இதில் கணிதமே இல்லை. ஆனால் 340-இல் ஏன் அளக்கிறோம், யூனிட் என்றால் என்ன என்று புரியாதவருக்கு எந்த எண்ணை எதால் வகுப்பது என்றே தெரியாது. கருத்துக் கேள்வி வேறு, கணக்குக் கேள்வி வேறு என்று கைடுகள் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை போனது இந்த இடத்தில்தான்.

அதை உறுதிப்படுத்தியவை இன்ஹிபிட்டர் (நொதியைத் தடுக்கும் பொருள்) கணக்குகள். நொதியின் உச்ச வேகம் வி-மேக்ஸ், அதில் பாதி வேகம் கிடைக்கத் தேவையான சப்ஸ்ட்ரேட் (நொதி மாற்றும் பொருள்) அளவு கே.எம். சப்ஸ்ட்ரேட்டோடு இடத்துக்குப் போட்டியிடும் காம்பெட்டிட்டிவ் என்றால் கே.எம். கூடும், வி-மேக்ஸ் மாறாது. அன்காம்பெட்டிட்டிவ் என்றால் இரண்டுமே குறையும். இதை யாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எண்ணைப் போட்டுப் பாருங்கள். சப்ஸ்ட்ரேட்டின் அளவு சரியாக கே.எம். அளவு, இன்ஹிபிட்டரின் அளவு சரியாக கே.ஐ. (அது நொதியோடு ஒட்டும் வலிமையைக் காட்டும் செறிவு) அளவு என்று வைத்துக்கொள்வோம். இன்ஹிபிட்டர் இல்லாதபோது வேகம் வி-மேக்ஸில் பாதி. காம்பெட்டிட்டிவ் சேர்த்தால் மூன்றில் ஒன்று. அன்காம்பெட்டிட்டிவ் சேர்த்தால்? அதுவும் மூன்றில் ஒன்றுதான்! தோழி நம்பவில்லை, தானே இன்னொரு முறை போட்டாள். அதே விடை. ஆக அந்த ஒரு புள்ளியில் மட்டும் அளந்தால் இரண்டையும் பிரித்தறியவே முடியாது. சப்ஸ்ட்ரேட்டைப் பத்து மடங்கு கே.எம்.முக்கு ஏற்றினால் குட்டு உடைகிறது. காம்பெட்டிட்டிவில் வேகம் வி-மேக்ஸில் 83 சதவீதத்துக்கு ஏறிவிடும், சப்ஸ்ட்ரேட் கூட்டமாக வந்து இன்ஹிபிட்டரை இடத்தைவிட்டுத் தள்ளிவிடுவதால். அன்காம்பெட்டிட்டிவ் 48 சதவீதத்தைத் தாண்டாது. அது நொதியோடு சப்ஸ்ட்ரேட் சேர்ந்த பிறகுதான் வந்து ஒட்டும். சப்ஸ்ட்ரேட்டைக் கூட்டக் கூட்ட அதற்கு ஒட்டிக்கொள்ள இடமும் கூடும். இவற்றை வரைபடத்தில் காட்டும் லைன்வீவர்-பர்க் கோடுகளை மனப்பாடம் செய்வதை அன்றோடு விட்டேன். தேவைப்பட்டால் வரைந்துகொள்ளலாம்.

பாக்டீரியா வளர்ச்சிக் கணக்குக்கு உதவி வீட்டிலேயே இருந்தது. ஐயா பினாங்கில் வட்டிக்கடையில் அடுத்தாளாக (உதவியாளராக) இருந்து திரும்பியவர். வளவில் (வீட்டு முற்றத்தில்) தூணோரமாக நான் நோட்டை விரித்திருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னத்தா, வட்டிக் கணக்கா?" என்றார். பாக்டீரியா எத்தனை மணி நேரத்தில் இரட்டிப்பாகும் என்று பார்க்கிறேன் என்றேன். "எதுவா இருந்தா என்ன? 72-ஐ வட்டியால வகு. 12 வட்டின்னா ஆறு வருஷத்துல ரெட்டிப்பு." சுமாராகச் சரிதான். வருஷத்துக்கு ஒருமுறை வட்டியை முதலோடு சேர்க்கும் கணக்குக்கு 72 பொருந்தும். பாக்டீரியா ஒவ்வொரு கணமும் சேர்த்துக்கொண்டே போகிறது, அதனால் அங்கே 69.3. புத்தகத்தில் 0.693 என்று வரும் இரண்டின் நேச்சுரல் லாக் இதுதான். வளர்ச்சி வேகம் மணிக்கு 0.35 என்றால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரட்டிப்பு.

அதே சூட்டில், மீடியத்தை (செல்களுக்கான உணவுக் கரைசலை) விடாமல் ஊற்றி வளர்க்கும் கீமோஸ்டாட்டும் பிடிபட்டது. ஒரு லிட்டர் கலத்துக்குள் மணிக்கு 200 மில்லி புது மீடியம் போய், அதே அளவு வெளியே வந்தால் டைலூஷன் ரேட் மணிக்கு 0.2. நிலை சீரானபின் செல்களின் வளர்ச்சி வேகமும் 0.2தான், எந்த பாக்டீரியா என்று கேட்கவே வேண்டாம். அதால் அந்த வேகத்துக்கு வளர முடியாவிட்டால் கலத்திலிருந்து அடித்துக்கொண்டு போய்விடும். இதைச் சொன்னபோது ஐயா சிரித்தார்: "அப்ப முதலும் போச்சுன்னு சொல்லு."

மற்றவை இவ்வளவு கஷ்டப்படுத்தவில்லை. 2-இன் பத்தாம் அடுக்கு ஏறத்தாழ ஆயிரம் என்று தெரிந்தால், டி.என்.ஏ.வைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும் பி.சி.ஆர். கணக்கு மனசிலேயே ஓடும்: 30 சுற்றில் ஒன்று நூறு கோடியாகும். பஃபர் (பி.ஹெச்.சை நிலையாக வைக்கும் கரைசல்) கணக்குக்கு 2, 3 ஆகியவற்றின் லாக் மதிப்புகள் (0.301, 0.477) போதும். ட்ரிஸ் பஃபர் மட்டும் கொஞ்சம் வில்லங்கம். 25 டிகிரியில் பி.ஹெச். 8.0 வைத்து 4 டிகிரிக் குளிர் அறைக்குக் கொண்டுபோனால், டிகிரிக்கு ஏறத்தாழ 0.03 வீதம் ஏறி 8.6 பக்கம் போய்விடும். இன்னொன்று: தேர்வில் சொந்தக் கால்குலேட்டர் கிடையாது, திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால்தான் தட்ட வேண்டும். அதில் லாக் எங்கே, நேச்சுரல் லாக் எங்கே என்று முன்பே பழகாவிட்டால் நேரம் விரயம்.

தேர்வை ஒருவழியாகத் தாண்டினேன். ஒரு கல்வி நிறுவனத்தின் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அங்கே கேட்ட முதல் கேள்வி: "ஒரு ஈ. கோலை செல்லுக்குள் பி.ஹெச். 7 என்றால் எத்தனை புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) தனியாகத் திரியும்?" பழக்கப்படி அலகிலிருந்து ஆரம்பித்தேன். செல்லின் கொள்ளளவு ஒரு கன மைக்ரான் என்று வைத்தால் 10⁻¹⁵ லிட்டர். பி.ஹெச். 7 என்றால் லிட்டருக்கு 10⁻⁷ மோல். அவகாட்ரோ எண் 6×10²³. மூன்றையும் பெருக்கினால் 60. வெறும் அறுபது!

"அறுபதுதான் என்றால், ஒரு வினையில் நூறு புரோட்டான் வெளிவந்தாலே பி.ஹெச். கவிழ்ந்துவிடாதா?" என்றார் ஓரத்தில் இருந்த பேராசிரியை. செல்லுக்குள் பாஸ்பேட்டும் புரதங்களின் ஹிஸ்டிடின் மாதிரியான பக்கத் தொகுதிகளும் லட்சக்கணக்கில் இருக்கின்றன, வெளிவரும் புரோட்டான்களில் பெரும்பாலானவற்றை அவை உடனே பிடித்துக்கொள்ளும், 60 என்பது எந்த நொடியிலும் பிடிபடாமல் மிஞ்சும் சராசரிதான் என்றேன். பாஸ்பேட்டின் பி.கே.ஏ. (அதன் அமில, கார வடிவங்கள் சமமாக இருக்கும் பி.ஹெச்.) கேட்டார், 7.2 என்றேன். அப்படியானால் பி.ஹெச். 7-இல் அதன் இரு வடிவங்களும் என்ன விகிதத்தில் இருக்கும் என்றார். 0.2-க்கு ஆன்டிலாக் எடுத்தால் சுமார் 1.6, அமில வடிவம்தான் அதிகம் என்று பலகையில் எழுதினேன். பாதி நேரம் இதிலேயே போனது. மீதி நேரம் ப்ராஜெக்ட் பற்றிக் கேட்டார்கள், அது எல்லோரிடமும் கேட்பதுதான்.